வடிவக்கா கடைக்கு வராத நீல மீன்

வடிவக்கா பொய் சொல்லப் போகிறார் என்றால் அடுப்பின் தீயைக் குறைப்பார். நான் வேலைக்குச் சேர்ந்து நெடுநாள் கழித்துத்தான் இதைக் கவனித்தேன். கவனித்த பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ரசம் இன்று வைத்ததா என்று யாராவது கேட்டால் ஒரு கை காஸ் அடுப்பின் திருகுக்குப் போகும், தீ சுருங்கும், காலையில்தான் வைத்தேன் தம்பி என்பார், தீ மறுபடி ஏறும். கோயில் வசூலுக்கு வருகிறவர்களிடம் வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லும்போதும் அப்படித்தான். கணவர் மோகனராஜ் எங்கே என்று கேட்டால், பாக்டரி பஸ் ஓட்டப் போயிருக்கிறார் என்று சொல்வதற்குள் தீ அணைந்தே போய்விடும். அவர் பஸ் ஓட்டுவது உண்மைதான். ஓட்டி முடித்தபின் போவது புக்கிட் தெங்காவில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு. இது அந்தத் தெருவில் பூனைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் மோகனராஜ் வந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மரியாதையாகக் காசு வைத்துவிட்டுப் போவார். அக்கா மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுப்பார். அவர்கள் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

கடை, பினாங்குத் தீவில், குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில் இருந்தது. நான் உட்காருவது பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், வெங்காய மூட்டைக்கு எதிரில். அங்கிருந்து அடுப்பும் தெரியும், மேசைகளும் தெரியும், தெருவும் தெரியும். என்னை யாருக்கும் தெரியாது. எனக்கு அது வசதி.

வடிவக்கா கடை போடுவதற்கு முன்னால் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருந்தார். தலையோடு காலாக வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கம்பிகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஒட்டும் வேலை. ஒருநாள் கம்பெனி வியட்நாமுக்குப் போனது. கம்பெனி போகும்போது எல்லாருக்கும் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அந்தக் கடிகாரம் இன்றைக்கும் கடையில் ஓடுகிறது, பத்து நிமிடம் முன்னால். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் பிறந்தபோது அக்கா தொழிற்சாலை விடுதியில் இருந்தாராம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கூட இருந்த பெண்கள் மூன்று வேளையும் பாக்கெட் மீ நூடுல்ஸை வெந்நீரில் போட்டுக் கொடுத்தார்களாம்.

"பால் எங்கேருந்து வரும்? மீ தண்ணிதான் வந்திருக்கும்" என்பார். "அதான் அவன் அப்படி நெளிஞ்சி நெளிஞ்சி நடக்கிறான்."

அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் வடிவக்கா கடையிலிருந்து சுறாப் புட்டு போகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாவை விட்டால் வேறு மீன் இல்லை என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. பால் சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, கை நிறையப் பூண்டும் மிளகும் போட்டு வதக்குவார். தூக்குச் சட்டியில் போகும். காசு வாங்கமாட்டார். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்ப்பதில்லை. எதிர்க்கடைச் சீன ஆச்சியின் மருமகளுக்குக்கூட ஒருமுறை போனது. அவள் பூண்டு வாடை தாங்காமல் நாய்க்கு வைத்ததாகக் கேள்வி. அக்கா அதற்குப் பிறகு அந்த நாயை விசாரிக்காத நாள் இல்லை.

நீலக்கரைக்காரர்கள் வந்தது இந்த நிலவரத்தில்தான்.

நீலக்கரை என்பது நாங்கள் வைத்த பெயர். அவர்களுடைய சொந்தப் பெயர் நீளமானது, நடுவில் இரண்டு புள்ளி வரும். தலைமையகம் ஹாலந்தில். கடலையும் காட்டையும் ஆற்றையும் தீர்ந்து போகாமல் பயன்படுத்துவது எப்படி என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு. எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஒரு பழைய கடைவீட்டைப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, உள்ளே செடிகள் வைத்து அலுவலகம் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் கடைக்கு வருவார்கள். அதில் கோகுலன் என்று ஒரு தமிழ்ப் பையன், வயது முப்பது இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அக்காவுக்குச் சந்தேகம்.

தீவுக்கு எதிரே இருக்கும் பெருநிலக் கரையில் அலையாத்திச் செடி நடுவது அவர்களுடைய முதல் வேலை. வங்கிக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் புது ரப்பர் காலணி போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேற்றில் நட்டுவிட்டு வருவார்கள். நட்டதில் பாதியை அலை கொண்டுபோகும். அடுத்த வருடம் வேறு ஆட்கள் அதே இடத்தில் நடுவார்கள். செடி நிற்காவிட்டாலும் போட்டோ நின்றது. ஆனால் கோகுலன் பொய் பேசவில்லை. எது நின்றது எது போனது என்று அக்காவிடம் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார், வருத்தமாக. அக்கா இன்னொரு கரண்டி சோறு போடுவார்.

இரண்டாவது வேலை, சாப்பாட்டுக் கடைகள். அழிந்துகொண்டிருக்கும் மீன் வகைகளைச் சமைக்காத கடைக்கு ஒரு அடையாளம் கொடுப்பார்கள். நீல மீன் படம் போட்ட வட்டமான ஒட்டுப்படம், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணிகளின் கைப்பேசியில் அந்தக் கடையின் பெயர் வரும். சுறா கூடாது, திருக்கை கூடாது, முட்டை வைத்த நண்டு கூடாது, இன்னும் சில கூடாதுகள்.

அக்கா முதலில் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். கட்டடச் சொந்தக்காரர் ஹைதர் பாய் சும்மா விடவில்லை.

ஹைதர் பாயின் தாத்தா ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து மிளகு வியாபாரம் செய்து வாங்கிய கட்டடம் அது. பாய் மாடியை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். ஓர் அறைக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு மூங்கில் ஏணி, ஏணியில் துண்டு காயும். வெள்ளைக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கீழே எங்கள் கடை இருக்கும் இடத்துக்கு ஒரு காப்பிக் கடைக்காரர் ஆசைப்பட்டார். பழைய சுவரைச் சுரண்டி இன்னும் பழையதாக்கி, ஒரு காப்பியை எங்கள் இரண்டு சாப்பாட்டு விலைக்கு விற்கிறவர். எங்கள் வாடகை ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது.

பாய் ஒருநாள் வந்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுப் பேச்சை எடுத்தார். பாய் எங்கள் கடையில் மீன் சாப்பிடுவார். வேறு எந்தத் தமிழ்க் கடையிலும் சாப்பிடமாட்டார்.

"வடிவக்கா, நான் ஒண்ணும் பெருசா கேக்கல. அந்த நீல மீன் படத்த வாங்கிருங்க. மேல தங்குறவன் அதத்தான் பாக்கிறான். அது இருந்தா, கீழ நீங்களே இருங்க. காப்பிக்காரன நான் சமாளிக்கிறேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா என் பிள்ளைங்க என்னைச் சமாளிப்பாங்க."

பாயின் பிள்ளைகள் கோலாலம்பூரில் படித்தவர்கள். அக்காவுக்குப் புரிந்தது. மீன் படம் வந்தால் கடை இருக்கும், வராவிட்டால் போகும்.

அப்புறம் நாங்கள் பயிற்சிக்குப் போனோம். கடற்கரையோரம் ஒரு பெரிய ஓட்டலில் ஒருநாள் பட்டறை. அக்கா துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த மண்டபத்தில் இருந்த குளிருக்கு மீனே கெடாது. குளிர் தாங்காது என்று அவர்களுக்கே தெரிந்து, ஆமைப் படம் போட்ட சால்வை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஏர்கோனைக் குறைத்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. பிறகு மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்து, கடல் உங்களுக்கு என்ன என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. அக்கா, மீன் என்று எழுதினார்.

ஹாலந்திலிருந்து வந்திருந்த அம்மா அதைக் கோகுலனிடம் கேட்டு மொழிபெயர்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படம் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா பெயர் அன்னெலீஸ். அக்கா முதல் நாளே அன்னலட்சுமி ஆக்கிவிட்டார். உயரமான ஆள், சைவம், முட்டைகூடக் கிடையாது. பினாங்குக்கு வரும்போதெல்லாம் எங்கள் கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவார். சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கம் மடிப்பார். அதில் அக்காவுக்குப் பெருமை.

பட்டறையில் கோகுலன் சுறாவைப் பற்றிப் பேசினார். மற்ற மீன் லட்சக்கணக்கில் முட்டை போடும், சுறா அப்படி இல்லை, நம் வீட்டுப் பெண்கள் மாதிரி வயிற்றில் சுமந்து கொஞ்சமாகத்தான் பெறும், பிடித்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடும் என்றார். அக்கா எழுந்து, கல்யாண விருந்தில் சுறாத் துடுப்பு சூப்புக் குடிக்கிறவர்களை விட்டுவிட்டு வாழையிலைக் கடைக்காரியை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். மண்டபம் கை தட்டியது. கோகுலனும் தட்டினார். ஆனாலும் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

மூன்று தடவை சோதனைக்கு வருவார்கள். சொல்லாமல் வருவார்கள் என்று விதி. கோகுலன் முதல்நாளே கைப்பேசியில் ஒரு மீன் படம் அனுப்பிவிடுவார், வேறு ஒரு வார்த்தையும் இருக்காது. முதல் சோதனை சுலபமாகப் போனது. இரண்டாவதில், மீன் எந்த வலையில் பிடித்தது என்று தெரிந்து வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். தீ குறைந்தது. எல்லா மீன்காரனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், வலையையும் பார்த்திருக்கிறேன் என்றார் அக்கா. தீ ஏறியது. தேறிவிட்டோம்.

மிச்சம் ஒன்றுதான். மூன்றாவதுக்கு அன்னலட்சுமியே வருவார், வெள்ளிக்கிழமை என்று கோகுலன் சாப்பிட வந்தபோது வாய்தவறிய மாதிரி சொல்லிவைத்தார்.

அதற்கு முந்தின வாரம் கோகுலனின் மனைவி குமுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கோகுலன் கடைக்கு லட்டு கொண்டுவந்தார். அட்டையில் லட்டுப் பூந்தி ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை காலையில் அக்காவின் கைப்பேசி அடித்தது. கெப்பாலா பத்தாஸிலிருந்து மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த குமுதாவின் அம்மா பேசினார். பால் பத்தவில்லை, குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது, உங்கள் கையால் சுறாப் புட்டு அனுப்பினால் புண்ணியம் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவர் வேலை அப்படி என்றும் சொன்னார்.

அக்கா போனை வைத்தார். சோதனை நாளைக்குத்தான், இன்றைக்குச் சமைத்து இன்றைக்கே அனுப்பிவிட்டு வாணலியைத் தேய்த்துக் கவிழ்த்துவிடலாம் என்றார். எனக்கும் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

நான் சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்கார அப்துல் ரஹீம் ஒரு பால் சுறாவைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கொண்டுவந்து கொடுத்ததும் அக்கா வயிற்றைக் கீறினார். உள்ளே குட்டிகள். விரல் நீளம்தான், ஆனால் கண், வால் எல்லாம் வந்திருந்தன. கொடி போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். மறுபடி வந்து பார்த்தார்.

"பிள்ளை பெத்தவளுக்கு இதையா ஆக்கிப் போடறது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "கொண்டுபோய்க் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வா ரமணி. வயித்த அமுக்கிப் பாத்து வாங்கு."

அப்துல் ரஹீமுக்குக் கோபம். இப்போதெல்லாம் வருவதே இப்படித்தான், சின்னது இல்லையென்றால் சூல் உள்ளது, என்னிடம் கோபித்து என்ன செய்வது என்றார். பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அது என் முழங்கை நீளம்கூட இல்லை. இதனால் எல்லாம் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது.

அன்றைக்கு அன்னலட்சுமிக்கு அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிற திட்டம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. படகு போகவில்லை. நேரத்தை வீணாக்குவானேன் என்று அந்த அம்மா சோதனையை ஒருநாள் முன்னால் இழுத்துவிட்டார். கோகுலனுக்கு மீன் படம் அனுப்ப நேரமில்லை. குடையை மடக்கிக்கொண்டு இருவரும் உள்ளே வந்தபோது அக்கா வாணலியில் புட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பூண்டு வாசனை தெரு வரைக்கும் போயிருந்தது. அன்னலட்சுமி மேசைக்குப் போகாமல் நேராக அடுப்புக்கு வந்தார். கண்ணை மூடி மோந்தார். வாணலியில் மஞ்சளாக, பொலபொலவென்று இருப்பதைப் பார்த்து ஏதோ கேட்டார். கோகுலன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். சிறு வயதில் சாப்பிட்டிருப்பார் போல. பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது.

"டோஃபுவான்னு கேக்குறாங்க" என்றார் அக்காவிடம். அக்கா வாயைத் திறக்கும் முன் அவரே அந்த அம்மாவிடம் திரும்பி, ஆமாம், சோயாவில் செய்த டோஃபுதான் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

அக்காவின் கை திருகுக்குப் போயிருந்தது. தீ குறைந்திருந்தது. நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன். ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். கடை தப்பிவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மாடு சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள், பன்றி சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஒன்றும் தொடாதவர்கள் இருக்கிறார்கள், சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பூண்டைக்கூட விலக்கும் சீனக் கிழவிகள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே கடையில், தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வடிவக்கா எப்போது வைத்தது என்பதில் பொய் சொல்வார், எங்கே வாங்கியது என்பதிலும் சொல்வார். சட்டியில் இருப்பது என்ன என்பதில் சொன்னதில்லை. மீன் கரண்டி மாறி விழுந்தது என்று ஒரு அண்டா சாம்பாரைச் சாக்கடையில் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு வசவையும் அன்றைக்கு நான்தான் வாங்கினேன்.

அன்னலட்சுமி பக்கத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்தார். கொஞ்சமாக அள்ளி, ஊதி, வாய்க்குக் கொண்டுபோனார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வெள்ளைக்காரர் கையை அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"நோ டோஃபு" என்றார். "ஈக்கான் யூ. ஷார்க். யூ நோ ஈட் லா." பிறகு தமிழில், கோகுலனிடம்: "அந்த அம்மா வாயில என்ன போகுதுன்னு அவங்களுக்குத் தெரியணும். நீ பேசாத."

ஸ்பூனை வாங்கித் தொட்டியில் போட்டார். தீயைக் கூட்டிவிட்டுப் புரட்ட ஆரம்பித்தார், அடிபிடித்துவிடும் என்று.

அன்னலட்சுமி ஸ்பூன் இல்லாத கையோடு நின்றார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. இது யாருக்கு என்று கேட்டார். கோகுலன் மொழிபெயர்த்தபோது அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பிள்ளை பெற்ற ஒருத்திக்கு, விற்க இல்லை, காசு வாங்குவதில்லை என்றார் அக்கா. எந்தப் பெண் என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அக்கா சொல்லியிருக்கமாட்டார். அவர் கோகுலன் பக்கம் திரும்பாமலே மிளகுத் தூளைத் தூவினார்.

அன்னலட்சுமி உட்கார்ந்து வழக்கம் போலச் சைவச் சாப்பாடு சாப்பிட்டார். இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தார். இலையைத் தன் பக்கம் மடித்தார். போகும்போது அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். விதி விதிதான் என்று அதற்கு அர்த்தம் என்று கோகுலன் சொன்னார்.

சாயங்காலம் கோகுலன் தனியாக வந்தார். நனைந்திருந்தார்.

"ஏன்க்கா சொன்னீங்க? ஒரு வாய்தானே. நான் சமாளிச்சிருப்பேன்லா. இப்ப நீல மீனும் போச்சு, இடமும் போச்சு."

"அவங்க சைவம் தம்பி."

"தெரியாம சாப்பிட்டா என்னக்கா?"

"உனக்கு நான் அப்படி ஆக்கிப் போட்டா?"

அக்கா மேடைக்கு அடியிலிருந்து தூக்குச் சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்குத்தானே போற? இத உங்க மாமியார்கிட்ட குடுத்துரு. ஆறிப்போச்சு, லேசா சூடு பண்ணிக் குடுக்கச் சொல்லு."

கோகுலன் மூடியைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. சட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஏனோ என்னையும் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். பிறகு மோட்டார் சைக்கிளின் கொக்கியில் சட்டியை மாட்டிக்கொண்டு ஜெலுத்தோங் பக்கம் போனார். கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, முன்பக்கம் மீன் படம்.

அடுத்த வாரம் ஹைதர் பாய் வந்தார். விஷயம் முன்னமே எட்டியிருந்தது. சாப்பிட உட்காரவில்லை, அதனால் சேதி மோசம் என்று எனக்குப் புரிந்தது.

"ஒரு படம் கேட்டேன் வடிவக்கா. சின்ன மீன் படம். டோஃபுன்னு ஒரு வார்த்தை."

"நீங்க எங்கிட்ட ஏன் சாப்பிடுறீங்க பாய்?"

பாய் விழித்தார்.

"மீன் பொரிக்கிற எண்ணெயில வேற எதையாச்சும் நான் பொரிச்சா தெரியுமா உங்களுக்கு?"

பாய் துண்டால் கழுத்தைத் துடைத்தார். காப்பிக்காரனிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது, பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, மீன் இருக்கிறதா என்று கேட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மோட்டார்கள் நிறுத்தும் பின்சந்துக் கொட்டகையைப் போய் எட்டிப் பார்த்தார். அங்கே தண்ணீர்க் குழாய் இழுக்கலாம், கூரை போடலாம், அதைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை, அது என் பெயரில் இருக்கிறது என்றார். நீங்கள் போய்விட்டால் நான் எங்கே சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. மீன் முள்ளைப் பல்லில் குத்திக்கொண்டே நின்றார்.

நீலக்கரை சும்மா இருக்கவில்லை. அன்னலட்சுமி ஹாலந்துக்குப் போய் எழுதிய அறிக்கையில் எங்கள் கடையைப் பற்றி ஒரு பக்கம் வந்ததாம், பெயர் இல்லாமல். அதிலிருந்து ஒரு புதுத் திட்டம் பிறந்தது. சுறாவுக்குப் பதிலாக சியாகப் என்கிற வளர்ப்புக் கொடுவா மீனில் புட்டு செய்ய முடியுமா என்று பார்ப்பது. மறுபடி அதே ஓட்டல், அதே குளிர், இந்தத் தடவை சால்வையில் சுறாப் படம். கோகுலன்தான் பொறுப்பு. அக்கா மூன்று வாணலி சியாகப் புட்டு செய்தார். கைக்குழந்தைக்காரப் பெண்கள் சாப்பிட்டுப் பார்த்து அருமை, அருமை என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கழிவறை வாசலில் அதில் பாதிப் பேர் என்னிடம் வந்து, அசல் சுறா இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் தெரியாது என்றேன். குமுதா மட்டும் கேட்கவில்லை. அவர் இரண்டு மங்குக் கிண்ணம் சாப்பிட்டார். குழந்தை அவர் மடியில் கன்னம் உப்பத் தூங்கிக்கொண்டிருந்தது. அது எந்தப் புட்டால் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் அம்மா சுறா என்கிறார், கோகுலன் தாய்ப்பால் தானாகவே ஊறும் என்கிறார், அக்கா தூக்கம் என்கிறார்.

அக்கா அதற்குப் பிறகு சுறா வாங்கச் சொல்லி என்னை அனுப்பவில்லை. விதிக்காக இல்லை என்று அவரே சொன்னார். விதியைப் பற்றி அவர் சொன்ன வேறொரு வார்த்தையை இங்கே எழுத முடியாது. அந்தக் குட்டிகளின் கண்ணைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார், நானும் அவரும் பாத்திரம் தேய்க்கும்போது. கண்ணைத் திறந்துகொண்டு இருந்ததுகள் என்றார்.

இப்போது கடை பின்சந்தில் இருக்கிறது. ஆறு மேசை, தகரக் கூரை, மழை பெய்தால் பேசுவது கேட்காது. முன்பக்கத்தில் காப்பிக் கடை நடக்கிறது. அதன் கண்ணாடியில் நீல மீன் ஒட்டியிருக்கிறது. அங்கே மீன் விற்பதில்லை என்பதால் ஒரே சோதனையில் தேறிவிட்டார்கள். கோகுலன் இன்னும் நீலக்கரையில்தான் வேலை செய்கிறார், மதியம் எங்களிடம் சாப்பிடுகிறார். மோகனராஜ் பின்சந்துக்கு வழி கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறார். போன மாதம் ஆயர் ஈத்தாமில் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, சியாகப் புட்டு இரண்டு தூக்குச் சட்டியில் போனது. கொட்டகைக்கு வாடகைச் சீட்டு இன்னும் ஒரு வருடத்துக்கு இருக்கிறது. அதற்கப்புறம் என்ன என்று பாய் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.